கண்ணும் வண்ணமும் - 14: விளிம்பில்லாத இரவு

1878 நவம்பரில் லண்டன் நீதிமன்றம் ஒன்றில் ஒரு விசித்திரமான விசாரணை நடந்தது. சாட்சிக் கூண்டில் நின்றவர் ஓவியர் விஸ்லர். இந்தப் படத்தில் பாலம் எது, அதன் மேல் தெரிகிற புள்ளிகள் மனிதர்களா என்றெல்லாம் அவரிடம் கேட்டார்கள். அமெரிக்காவில் பிறந்து, லண்டனின் செல்ஸீ பகுதியில் தேம்ஸ் கரையோரம் குடியிருந்தவர் விஸ்லர். கிரிமோர்ன் பூங்கா வாணவேடிக்கையை அவர் தீட்டிய ஓவியத்துக்கு 200 கினி விலை வைத்திருந்தார். பொதுமக்கள் முகத்தில் வண்ணக் குவளையை வீசியதற்கா இந்த விலை என்ற பொருள்பட விமர்சகர் ரஸ்கின் எழுத, விஸ்லர் மானநஷ்ட வழக்குப் போட்டார். ஜெயித்தார். கிடைத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவும் கைக்கு வரவில்லை. அடுத்த ஆண்டே திவாலானார். இந்தக் கதையை விமர்சகனுக்கும் கலைஞனுக்கும் நடந்த சண்டையாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ரஸ்கின் தரப்புச் சாட்சியான பர்ன்-ஜோன்ஸ் என்ற ஓவியர் சொன்னது. நிறமெல்லாம் சரி, உருவம் குழப்புகிறது, வேலை முடியவில்லை என்றார் அவர். முடித்த வேலை எப்படி இருக்கும் என்று காட்ட, ரஸ்கினுக்குச் சொந்தமான டிஷியன் ஓவியம் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார்கள். (அது டிஷியன் கைவண்ணமே அல்ல என்று பிற்கால நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்.) விஸ்லரின் இரவுக் காட்சிகளை இன்று ரசிப்பவர்களும் அவற்றை 'மூட்டமான மனநிலை', 'கவித்துவம்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மங்கல் கவித்துவம் மட்டுமல்ல, துல்லியமும்தான் என்பது என் வாதம்.

விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் இருப்பதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். பகலில் கூம்பு செல்கள் நிறத்தையும் நுணுக்கத்தையும் தருகின்றன. வெளிச்சம் நன்றாகக் குறைந்ததும் பார்வை குச்சி செல்களின் பொறுப்புக்குப் போகிறது. அவற்றுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது, நுணுக்கமும் கைகூடாது. நேர்ப்பார்வை விழுகிற விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சி செல்களே கிடையாது. மங்கலான நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோவதும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் மறுபடி தெரிவதும் இதனால்தான். இருட்ட இருட்டச் சிவப்பு முதலில் கருத்துப்போகும், நீலம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செக் அறிவியலாளர் புர்கின்யே கவனித்துவிட்டார். இதை மனதில் வைத்துக்கொண்டு, நீதிமன்றத்தில் காட்டப்பட்ட 'நீலமும் பொன்னும்: பழைய பேட்டர்ஸீ பாலம்' என்ற ஓவியத்தைப் பாருங்கள். ஆறு, வானம், கரை எல்லாம் ஒரே நீலச் சாம்பலில் கரைந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடக்கின்றன. விளக்குகளும் வாணவேடிக்கைப் பொறிகளும் மட்டும் பொன்னிறத்தில் தெறிக்கின்றன. கூம்பு செல்களை எழுப்பும் அளவுக்கு அந்த இருட்டில் வெளிச்சம் உள்ளவை அவை மட்டுமே. நகரத்து ஆற்றங்கரையில் இரவு வேளை கண்ணின் இரு இயந்திரங்களும் ஒருசேர வேலை செய்வது இப்படித்தான். விஸ்லர் உடலியல் படித்துவிட்டுத் தீட்டினார் என்று நான் சொல்லவில்லை. கண் கொடுத்ததை மூளை திருத்துவதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

உடனே ஒரு மறுப்பு எழும். அவர் இவற்றை ஆற்றங்கரையில் உட்கார்ந்தா தீட்டினார்? இல்லை. படகு கட்டும் குடும்பத்தைச் சேர்ந்த கிரீவ்ஸ் சகோதரர்கள் துடுப்புப் போட, இரவில் ஆற்றில் அலைவார். காட்சியை உற்றுப் பார்த்தபின் அதற்கு முதுகு காட்டி நின்று, கண்டதை உடனிருப்பவரிடம் ஒப்பிப்பார். பிறகு வீட்டில் வைத்துத் தீட்டுவார். நினைவிலிருந்து வந்ததை எப்படிச் சாட்சியமாக ஏற்பது? இருட்டில் தட்டிலுள்ள வண்ணம் தெரியாது. தெரிவதற்காக விளக்கேற்றினால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுப்போகும், மறுபடி முழுதாகப் பழக அரைமணி நேரமாவது ஆகும். ஆக, இரவைத் தீட்ட விரும்புகிறவனுக்கு நினைவைத் தவிர வேறு வழியே இல்லை. அந்த நினைவை அவர் தாள்களில் குறித்து வைப்பதைவிட ஒப்பித்துப் பயிற்றினார். வண்ணத்தை டர்பன்டைனும் எண்ணெயும் விட்டு நீர்க்க நீர்க்கக் கரைத்து அதற்குச் 'சாஸ்' என்று பெயர் வைத்திருந்தார். நம் சமையலறைக் கணக்கில் ரசம். நின்ற வாக்கில் வைத்தால் வழிந்துவிடும் என்பதால் கேன்வாஸைத் தரையில் கிடத்த வேண்டியிருந்தது. இரண்டு நாள் வேலைக்கா 200 கினி என்று கேட்ட வழக்கறிஞரிடம், ஆயுள் முழுக்கச் சேர்த்த அறிவுக்குத்தான் விலை என்றாராம். திமிரான பதில்தான். ஆனால் பொய் இல்லை.

அதே காலத்தில் லீட்ஸ் நகரத்து அட்கின்சன் கிரிம்ஷாவும் நிலவொளியில் துறைமுகங்களையும் நனைந்த தெருக்களையும் தீட்டினார். அவர் படங்களில் இலையுதிர்ந்த மரத்தின் ஒவ்வொரு சுள்ளியையும் எண்ணலாம். அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் நிலா வெளிச்சத்தில் யாராலும் அப்படிச் சுள்ளி எண்ண முடியாது. பகலில் அறிந்ததற்கு இரவின் சாயம் பூசியிருக்கிறார். விஸ்லருக்கு அந்த நுணுக்கம் கைவராததால்தான் மங்கலில் ஒளிந்தார் என்பதும் எடுபடாது. அமெரிக்கக் கடலோர நில அளவைத் துறையில் செப்புத்தகட்டில் வரைபடம் பொறித்தவர் அவர். 1859-இல் தேம்ஸ் கிடங்குகளைப் பொறித்தபோது பலகை பலகையாகக் காட்டியிருக்கிறார். ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்தாக வேண்டும். நிஜப் பேட்டர்ஸீ பாலம் தாழ்வான மரப்பாலம். படத்தில் அதன் ஒற்றைத் தூண் கோபுரமாக உயர்ந்து நிற்கிறது. ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் பால அச்சுப்படங்களைப் பார்த்த கண் செய்த வேலை அது. பாலத்தின் அளவில் அவர் உண்மையாக இல்லை. அதன் மேல் விழுந்த ஒளியில் இருந்தார்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. அந்த மூட்டம் பனி மட்டுமல்ல, நிலக்கரிப் புகையும்தான். எதிர்க்கரை பேட்டர்ஸீயில் ஆலைகள். அந்த ஆறு 1858 கோடையில் கழிவு நாற்றத்தால் நாடாளுமன்றத்தையே திணறடித்த ஆறு. இருட்டியதும் புகைபோக்கிகள் மணிக்கூண்டுகளாகவும் கிடங்குகள் மாளிகைகளாகவும் மாறுவதை 1885-இல் ஒரு சொற்பொழிவில் விஸ்லரே கொண்டாடினார். அந்த ஆலைகளில் மூச்சுத் திணறியவர்களைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அதை மழுப்பவும் நான் தயாரில்லை. ஆனால் அக்கறையில்லாத சாட்சியும் உண்மையைச் சொல்லலாம். டர்னர், மோனே ஆகியோரின் சுமார் 100 ஓவியங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, விளிம்புகள் மங்கிக்கொண்டே போனதும் அந்தந்த நகரத்துக் காற்றில் கந்தக மாசு ஏறியதும் ஒத்துப்போவதைக் காட்டியது. புகையை அழகென்று தீட்டியவர்கள், எவ்வளவு புகை என்பதையும் சேர்த்தே பதிந்திருக்கிறார்கள். 1899-இல் மோனே லண்டன் சவாய் ஹோட்டலில் அறை எடுத்து ஜன்னலைத் திறந்ததும் அந்தப் புகைக்காகத்தான். அவர் ஏன் இரவை விட்டுப் பகலைப் பிடித்தார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)