நள்ளிரவில் பாதியில் நின்ற கணக்கு

கடைக் கணக்கைக் கொப்பியிலிருந்து கொம்பியூட்டருக்கு மாற்றிய வியாபாரிகள் இன்று நம்மிடையே ஏராளம். முன்பெல்லாம் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு கொம்பியூட்டர் இருக்கும். கணக்கும் அதற்குள்ளேயே இருக்கும். இப்போது மென்பொருளை மாத வாடகைக்குத் தருகிறார்கள். பில் போடுவது பேராதனையில். அது பதியப்படுவதோ சிங்கப்பூரிலோ மும்பாயிலோ உள்ள ஒரு கணினி நிலையத்தில். இதைத்தான் கிளவுட் என்கிறார்கள். பெயர் மேகம் என்றாலும் அதுவும் இன்னொருவரிடம் வாடகைக்கு எடுத்த கொம்பியூட்டர்தான்.

இந்த ஏற்பாட்டில் நமக்குப் பல வசதிகள் உண்டு. கூடவே ஓர் ஆபத்தும் உண்டு. நாம் உறங்கும் நேரத்தில் யாரும் கை வைக்காமலே மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறுகிறது. அதோடு சேர்த்து நம் கணக்குகள் இருக்கும் தரவுத்தளமும் மாற்றப்படுகிறது. அது பாதியில் நின்றுவிட்டால் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதை எனக்கு நேர்ந்த அனுபவத்தை வைத்தே இவ்வாரம் விளக்கலாம் என நினைக்கிறேன்.

சனிக்கிழமைக் காலை

2024 ஜனவரி 1ஆம் திகதி வற் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். என் ஹார்ட்வெயார் கடையின் மென்பொருளில் வரி வீதம் ஒரேயோர் இடத்தில்தான் பதியப்பட்டிருந்தது. அதை 18 ஆக்கியதும், டிசம்பரில் போட்ட பழைய பில்லைத் திரும்ப அச்சிட்டாலும் 18 சதவீதம் என்றே வந்தது. டிசம்பரில் வாங்கிய டைல்ஸில் மிஞ்சியதைத் திருப்பிக் கொண்டுவருபவருக்கு 15 சதவீதக் கணக்கில் அல்லவா கழித்துக் கொடுக்க வேண்டும்? மென்பொருள் தருபவர்களிடம் முறையிட்டேன். ஒவ்வொரு பில்லிலும் அதற்குரிய வரி வீதத்தைத் தனியாகப் பதியும்படி மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். நியாயமான தீர்வுதான். அந்த மாற்றம் ஒரு வெள்ளிக்கிழமை நள்ளிரவில் தானாகவே ஏறியது.

மறுநாள் சனிக்கிழமை. பாஸ்மாரும் கொந்தராத்துக்காரர்களும் கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்கும் நாள். ஒரு பில் வந்தது. அடுத்த பில் வரவில்லை. கம்பளைக் கிளையிலிருந்தும் அதே முறைப்பாடு. கடன் பட்டியலைத் திறந்தால் சிலருடைய நிலுவை தெரிந்தது, சிலருடையது வெறுமையாக இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு நாள் பில்லைக் கையால் எழுதிச் சமாளிக்கலாம். ஆனால் வெளியே நிற்கும் கடன் முழுவதும் அதற்குள்தானே இருக்கிறது! யார் எவ்வளவு தர வேண்டும் என்பது என் நினைவில் பாதிகூட இல்லை. கூடுதலாகக் கேட்டால் அவருக்கு அநியாயம், குறைத்துக் கேட்டால் எனக்கு நட்டம்.

தொலைபேசியில் பேசிய பொடியன், "நானா, ஒண்டும் யோசிக்க வாணாம். திரும்ப ஒருக்கா அப்கிரேட்ட ஓட விடுறோம், சரியாயிடும்" என்றார். நல்ல வேளையாகப் பேராதனைப் பொறியியல் பீடத்தில் படித்து இதே தொழிலில் இருக்கும் என் மருமகன் அன்று வீட்டில் இருந்தார். அவர் சொன்ன முதல் வார்த்தை, "மாமா, அவங்கள ஒண்டிலயும் கை வைக்க வாணாம் எண்டு சொல்லுங்க" என்பதுதான்.

என்ன நடந்திருந்தது?

மருமகன் விளக்கியதை நம் பாஷையில் சொல்கிறேன். நாலு வருடப் பேரேடுகளை ஒரு கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து, எல்லாப் பக்கத்திலும் புதிதாக ஒரு நிரல் கோடிட்டு, ஒவ்வொரு வரியிலும் வரி வீதத்தை எழுதச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள்காரர்கள் இதை 200 பில்களை வைத்துப் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஒரு வினாடியில் முடிந்தது. என் கணக்கிலோ மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள். நேரம் எடுத்தது.

கிளவுட்டில் மென்பொருளைக் கவனிக்கும் தானியங்கி ஒன்று இருக்கிறது. அது சில வினாடிகளுக்கு ஒருமுறை, "உயிரோடு இருக்கிறாயா?" என்று கேட்கும். பேரேட்டில் மூழ்கியிருந்த புதிய பதிப்பால் பதில் சொல்ல முடியவில்லை. செத்துவிட்டது என்று எண்ணிய தானியங்கி, அதை நிறுத்திவிட்டு இன்னொன்றைத் தொடக்கியது.

இங்கேதான் இரண்டாவது சிக்கல். இருவர் ஒரே நேரத்தில் ஒரே பேரேட்டில் எழுதிவிடக்கூடாது என்பதற்காக, வேலையைத் தொடங்குபவர் முதலில் ஒரு பூட்டுப் போட வேண்டும். முதலாமவர் பூட்டைத் திறக்காமலே போய்விட்டார். அடுத்து வந்தவர் பூட்டுத் திறக்கும் வரை காத்திருந்தார். அவரும் பதில் சொல்லவில்லை என்று அவரையும் நிறுத்தியது தானியங்கி. இப்படியே விடிய விடிய நடந்திருக்கிறது.

மூன்றாவது, வேலை பாதியில் நின்றது. புதிய நிரல் சேர்க்கப்பட்டுவிட்டது. வீதம் எழுதுவது பாதி வரைதான் நடந்திருந்தது. எழுதப்படாத பில்களைக் கூட்ட முடியாததால்தான் சிலருடைய நிலுவை வெறுமையாகத் தெரிந்தது. அந்தப் பூட்டை உடைத்து மீண்டும் ஓடவிட்டிருந்தால், 'இந்த நிரல் ஏற்கெனவே இருக்கிறது' என்று முதற்படியிலேயே நின்றிருக்கும். நிரலை அழித்துவிட்டு ஆரம்பிப்போம் என்று யாராவது அவசரப்பட்டிருந்தால் இருந்த தடயமும் போயிருக்கும். நம்முடைய மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இப்படியான அமைப்பு மாற்றம் செய்த உடனேயே நிலைத்துவிடும். மற்றப் படிகள் தவறினாலும் அது தானாகத் திரும்பாது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இவ்வாறான பெரும்பாலான மாற்றங்களை ஒரே கட்டாக வைத்து, தவறினால் முழுவதையும் திரும்பப் பெறலாம்.

ஒரு பில் வந்து மறு பில் வராத மர்மமும் விளங்கியது. எங்களுக்காக இரண்டு மென்பொருள் பிரதிகள் ஓடின. ஒன்றைத்தான் தானியங்கி மாற்றியிருந்தது. மற்றது பழையபடியே ஓடிக்கொண்டிருந்தது. பழையதிடம் போன பில் வந்தது, புதியதிடம் போன பில் வரவில்லை.

திருத்திய விதம்

முதலில் தானியங்கி மீண்டும் மீண்டும் தொடக்குவதை நிறுத்தினார்கள். இரண்டாவதாக, பழுதாகி நின்ற நிலையிலேயே கணக்கை அப்படியே ஒரு பிரதி எடுத்தார்கள். திருத்தப் போய் இன்னும் கெட்டுவிட்டால் திரும்பி வர ஓர் இடம் வேண்டுமல்லவா? மூன்றாவதாக, நிகழ்வுப் பதிவேட்டை முதலிலிருந்து வாசித்தார்கள். கடைசி வரிகள் எல்லாம் பூட்டைப் பற்றியே புலம்பின. உண்மையான காரணம் நள்ளிரவு தாண்டிய முதல் பிழையில்தான் இருந்தது. நோயைத் தேடுபவர் முதல் பிழையைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து ஒரு பெரிய தீர்மானம்: பின்னே போவதா, முன்னே போவதா? நள்ளிரவில் எடுத்த காப்புப் பிரதி இருந்தது. அதை மீட்டால் கணக்கு சுத்தமாக வந்துவிடும். ஆனால் காலையில் இரு கடைகளிலும் போட்ட 31 பில்கள் போய்விடும். ஆகவே முன்னே போவதென்று முடிவாயிற்று. எழுதப்படாத பில்களுக்குத் திகதி வாரியாக, சிறு சிறு பகுதிகளாக வீதத்தை நிரப்பினார்கள். 2019 டிசம்பர் முதல் 8, 2022 ஜூன் முதல் 12, 2022 செப்டம்பர் முதல் 15, 2024 ஜனவரி முதல் 18. அதன் பிறகே பூட்டைத் திறந்து, இந்த மாற்றம் முடிந்தது என்று குறித்து, புதிய பதிப்பைத் தொடக்கினார்கள். பில்களின் எண்ணிக்கையையும் மொத்தக் கடனையும் நள்ளிரவுப் பிரதியோடு 31 பில்களைக் கூட்டி ஒப்பிட்டோம். சரியாக வந்தபோது பகல் இரண்டு மணி. அல்ஹம்துலில்லாஹ்.

காப்புப் பிரதி இருக்கிறது என்ற நம்பிக்கை

எனக்கு நள்ளிரவுப் பிரதி இருந்தது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. மென்பொருள் எழுதுபவர்களே பயன்படுத்தும் கிட்லெப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் திகதி ஒரு பொறியியலாளர் தவறான கணினியில் தரவுகளை அழித்துவிட்டார். சுமார் 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்தான் மிஞ்சியது. காப்புப் பிரதியைத் தேடினால் அது இருக்கவே இல்லை. காரணம், தரவுத்தளத்தை 9.6ஆம் பதிப்புக்கு உயர்த்தியிருந்தார்கள். பிரதி எடுக்கும் கருவியோ 9.2ஆம் பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பிரதி எடுப்பது தவறிக்கொண்டே இருந்தது. தவறியதை அறிவித்த மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. பரீட்சார்த்த வேலைக்காக சுமார் ஆறு மணித்தியாலம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் அந்த நிறுவனமே உலகுக்குச் சொன்னது பாராட்டத்தக்கது.

அப்படியானால் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமா?

சிலர் அப்படிக் கேட்கிறார்கள். அதற்கும் நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்க கிளவுட் கப்பம் கோரும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவுகள் இழக்கப்பட்டன. உற்பத்தியாளரான மைக்ரோசொஃப்டின் ஆதரவு அவ்வருடம் ஏப்ரலிலேயே முடிந்துபோன 2013ஆம் ஆண்டுப் பதிப்பு அங்கே பாவனையில் இருந்தது. இணைப்பிலிருந்த பிரதிகளும் தாக்குதலில் அகப்பட்டன. அந்தக் காலப்பகுதிக்குத் தனியாக வெளியே வைத்த பிரதி இருக்கவில்லை. ஆகவே புதுப்பித்தே ஆக வேண்டும். புதுப்பித்தல் ஆபத்தல்ல, திரும்பி வர வழியில்லாமல் புதுப்பிப்பதுதான் ஆபத்து.

நீங்கள் கேட்க வேண்டியவை

மென்பொருள் தருபவரிடம் நாளைக்கே இவற்றைக் கேளுங்கள்.

1. மாற்றத்துக்கு முன் பிரதி எடுக்கிறீர்களா? அதை வேறோர் இடத்தில் வைக்கிறீர்களா? கடைசியாக எப்போது அதை மீட்டுப் பார்த்தீர்கள்? மீட்டுப் பார்க்காத பிரதியைப் பிரதியாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

2. என் கணக்கின் முழு அளவிலான பிரதியில் மாற்றத்தைப் பரீட்சித்தீர்களா? 200 பில்லில் ஓடியது மூன்று இலட்சத்தில் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

3. எப்போது மாற்றப் போகிறீர்கள் என்று எனக்கு அறிவிப்பீர்களா? கூட்டம் நிறைந்த நாளுக்கு முந்திய இரவில் மாற்ற வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

4. தவறினால் திரும்பிப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்? அந்த இரவில் யார் விழித்திருப்பார்?

5. மாறிய பிறகு பில் எண்ணிக்கை, மொத்தக் கடன், தமிழிலோ சிங்களத்திலோ பதிந்த சில பெயர்கள் ஆகியவற்றை ஒப்பிடுவீர்களா? பெயர்கள் கேள்விக்குறிகளாகப் பதிந்துவிட்டால் பழைய பிரதி இல்லாமல் அவற்றை மீட்க முடியாது. உடனே பில் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

நான் இன்னுமொன்றும் செய்கிறேன். ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் கடன் பட்டியலைக் கடதாசியில் அச்சிட்டு லாச்சியில் வைத்துப் பூட்டுகிறேன். ஏழெட்டுத் தாள்தான். மருமகன் அதைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டில் வைக்கச் சொன்னார்.