என்லார்ஜர் வாங்கப் போகிறீர்களா?

படம் பிடிப்பவர்கள் பெருகிவிட்டார்கள்; பிடித்த படத்தைத் தம் கையாலேயே அச்சிட்டுப் பார்ப்பவர்களோ அருகிவிட்டார்கள். கைப்பேசியில் நாளொன்றுக்கு நூறு படம் எடுக்கும் குடும்பத்திலும், அலமாரியின் மேல்தட்டில் பழைய பிஸ்கோத்துத் தகரப் பெட்டி ஒன்று இருக்கக்கூடும். அதைத் திறந்தால் உள்ளே நெகடிவ்கள்! தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்தி, அத்தையின் கல்யாணம், இப்போது இடிந்துபோன கிராமத்து வீட்டின் திண்ணை எல்லாம் அவற்றில் இருக்கும். பலவற்றுக்கு அச்சுப் படம் மிஞ்சியிராது. நெகடிவில் வேஷ்டி கறுப்பாகவும் தலைமயிர் வெளுப்பாகவும் தோன்றுவதால், ஆளை அறிவது எளிதன்று. இன்னார் என்று சொல்லக்கூடிய பெரியவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

இந்த நெகடிவ்களிலிருந்து படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் சாதனமே என்லார்ஜர். அதை வாங்க விரும்பும் நேயர்களுக்கு உபயோகமான சில விஷயங்களை இங்கே கூறுகிறோம்.

முற்காலத்தில் காமிராவும் பெரிது, அதற்குள் இருந்த கண்ணாடித் தகடும் பெரிது. தகட்டைக் காகிதத்தின்மேல் வைத்து வெளிச்சம் காட்டினால் அதே அளவில் படம் கிடைத்துவிடும். 1925-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரச் சந்தையில் லைக்கா காமிரா வெளிவந்தது. சிறிய நெகடிவ் எடுத்துப் பெரிய படம் செய்யலாம் என்பதே அதை அமைத்த ஆஸ்கர் பர்னாக்கின் கருத்து. அதன் நெகடிவ் 24 × 36 மில்லிமீட்டர் அளவுதான். அதை அப்படியே அச்சிட்டால் குழுப் படத்தில் முகங்கள் கடுகளவாகத் தெரியும். ஆகையால் சிறிய காமிரா பரவப் பரவ, என்லார்ஜரும் வீடுகளுக்குள் புகுந்தது.

கருவியின் அமைப்பு எளியது. மேலே விளக்கு; அதன்கீழ் நெகடிவைப் பிடிக்கும் சட்டம்; அதன்கீழ் லென்ஸ்; அடியில் ஒரு பலகை. பலகையின்மேல் புரோமைட் காகிதத்தை வைக்கிறோம். தலைப்பகுதியைத் தூணில் உயர்த்தினால் படம் பெரிதாகும், தாழ்த்தினால் சிறிதாகும்.

எதைப் பார்த்து வாங்குவது?

இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பிறர் உபயோகித்தவை; மூடிவிட்ட ஸ்டூடியோக்களிலிருந்து வருபவை பல. பளபளப்பையும் தூணின் உயரத்தையும் கண்டு மயங்கவேண்டாம். முக்கியமானவை மூன்றே.

முதலாவது, லென்ஸ். லைக்கா அளவு நெகடிவுக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். நம் நாட்டில் வெகுவாகப் பழகிய அக்ஃபா கிளிக் காமிராவின் 6 × 6 சென்டிமீட்டர் நெகடிவுக்கு 75 அல்லது 80. 6 × 9 அளவுக்கு 105. லென்ஸ் இதற்குக் குறைந்ததாயிருந்தால் படத்தின் மூலைகள் மங்கிவிடும். ரோடகன், கம்போனன், எல்-நிக்கோர் ஆகியவை பேர்பெற்றவை. எந்த லென்ஸாயினும் விளக்கின் எதிரே பிடித்து உள்ளே நோக்கவேண்டும். சிலந்தி நூல்போல் பூசணம் படர்ந்திருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுவது நலம். நமது கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அது சகஜம்.

இரண்டாவது, ஸ்திரமும் நேர்மட்டமும். தலைப்பகுதியை விரலால் லேசாகத் தட்டினால் ஆட்டம் உடனே அடங்கவேண்டும். தச்சர் உபயோகிக்கும் ரசமட்டத்தை அடிப்பலகையிலும் நெகடிவ் சட்டத்திலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்திராவிட்டால் படத்தின் ஒரு பக்கம் தெளிவாயும் மறுபக்கம் கலங்கியும் இருக்கும்.

மூன்றாவது, சமமான வெளிச்சம். நெகடிவ் இல்லாமல் விளக்கை ஏற்றி, பலகையில் வைத்த வெள்ளைக் காகிதத்தைப் பாருங்கள். நடுவில் பிரகாசமும் ஓரத்தில் இருட்டுமாய் இருக்கலாகாது. கண்டென்ஸர் கண்ணாடிகள் உள்ள கருவி படத்தை அழுத்தமாய்க் காட்டும். கூடவே நெகடிவின் ஒவ்வொரு கீறலையும் காட்டும். வெளிச்சத்தைப் பரவவிடும் பால்கண்ணாடி அமைப்பு கீறல்களை ஓரளவு மறைக்கும். பழைய குடும்ப நெகடிவ்களுக்கு இதுவே உகந்தது.

இவற்றுக்கு மேல் செலவழிக்கப் பணம் இருந்தால் அதைக் காகிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடப்பட்டுவிட்டது. அதன் ‘இந்து’ காகிதம் இனி வராது. இங்கிலாந்திலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் வரும் காகிதத்தின் விலை அதிகம்.

உபயோகிக்கும் முறை

இரவில் குளியலறையே இருட்டறையாகிவிடும். சிவப்பு விளக்கு ஒன்றும் தட்டுகள் மூன்றும் போதும்: டெவலப்பர், அதை நிறுத்தும் அமிலநீர், ஹைப்போ. டெவலப்பருக்கு 20 டிகிரி செல்ஸியஸ் உகந்தது. நம் குழாய் நீரோ கோடையில் 30 டிகிரியையும் தாண்டும். தட்டை ஐஸ் மிதக்கும் பெரிய தட்டினுள் வைத்துக் குளிரச் செய்யலாம்.

நெகடிவைத் தூசி போக ஊதி, மங்கலான பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். லென்ஸை முழுதும் திறந்து படத்தைத் தெளிவாக்கிய பின் இரண்டு படி மூடுங்கள். உடனே முழுக் காகிதத்தை எடுத்துவிடாதீர்கள். இரண்டு விரல் அகலத் துண்டொன்றை முகம் விழும் இடத்தில் வைத்து, அட்டையால் மூடி, 5 விநாடிக்கு ஒருமுறை அட்டையைச் சிறிது நகர்த்துங்கள். 5, 10, 15, 20 விநாடிப் பட்டைகள் ஒரே துண்டில் விழும். டெவலப்பரில் குறித்த நேரம் முழுதும் வைத்து, ஹைப்போவுக்குப் பின் சாதாரண வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். காய்ந்தபின் படம் சற்றே கறுக்கும் என்பதையும் மறக்கலாகாது. பிறகு படத்தின் நீள அகலங்களை இரட்டித்தால் 10 விநாடி போதாது. 30 முதல் 40 விநாடி வரை வேண்டியிருக்கும்.

நமது உச்சிவெயிலில் எடுத்த குழுப் படங்களில் வேஷ்டி கண்ணைப் பறிக்கும். முகங்கள் நிழலில் மூழ்கும். கம்பியின் நுனியில் ஒட்டிய சிறு அட்டை வட்டத்தை முகத்தின்மேல் சில விநாடி அசைத்து வெளிச்சத்தை மறைத்தால் முகம் தெளியும். பிறகு கைகளால் மற்ற இடத்தை மூடி, வேஷ்டிக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் காட்டினால் அதன் மடிப்புகளும் தெரியும். ஆனால் அளவு வேண்டும். மாநிறமான பாட்டியை வெளுப்பாக்கிச் சுவரில் மாட்டினால், அங்கே இருப்பவர் வேறு யாருடைய பாட்டியோ!

எதை முதலில் அச்சிடுவது?

காடி வாசனை வீசும் பிலிம்கள் கெட்டுக்கொண்டிருக்கின்றன. அவை சுருங்கி வளையுமுன் அவற்றையே முதலில் எடுங்கள். 1950-க்கு முற்பட்ட பிலிம்களில் சில எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனவை. பழுப்பேறிப் பிசுபிசுத்தவற்றை என்லார்ஜரின் சூட்டில் வைக்கவே கூடாது, விஷயமறிந்தவரிடம் காட்டுங்கள்.

படம் உலர்ந்ததும் அதை வீட்டுப் பெரியவரிடம் கொடுத்து, அவர் சொல்லும் பெயரையும் உறவையும் ஆண்டையும் பின்புறத்தில் பென்ஸிலால் எழுதிக்கொள்ளுங்கள். நெகடிவ் இன்னும் சில ஆண்டு பொறுத்திருக்கக்கூடும். இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.