பழுக்கட்டும் என்று விடக்கூடாத கண்

கண் மங்குகிறது என்று வயதானவர் ஒருவர் சொன்னால் யாழ்ப்பாணத்து வீடுகளில் உடனே வருகிற கேள்வி, "புரை பழுத்திட்டுதோ?" என்பதுதான். பழுக்கட்டும், திருவிழா முடியட்டும், வெளிநாட்டிலிருந்து மகள் வரட்டும், பிறகு வெட்டலாம் என்று நாளைத் தள்ளுவார்கள். கண்புரையில் இந்தக் கணக்குப் பெரும்பாலும் பிழைப்பதில்லை. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தால் சில நாளிலேயே சுவரில் தொங்கும் கலண்டரை வாசிக்கலாம். போருக்குப் பின் நடந்த இலவசச் சத்திரசிகிச்சை முகாம்களில் இப்படிப் பார்வை மீண்டவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள்.

அந்த நல்ல அனுபவமே இன்னொரு நோய்க்கு வசதியாகிவிட்டது. நீரிழிவு, பேச்சு வழக்கில் சீனி வருத்தம், முந்தின தலைமுறைக்குச் சலரோகம். அது கண்ணின் பின்புறத்தில், விழித்திரையில் செய்யும் சேதத்தில் பழுப்பதற்கு ஒன்றுமில்லை. எடுத்துவிட்டுப் புதிது வைப்பதற்கும் ஒன்றுமில்லை.

"ஏன், கண்தானம் இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். இலங்கையில் எழவேண்டிய கேள்விதான். ஹட்சன் சில்வா 1961இல் தொடக்கிய கண்தானச் சங்கத்தின் மூலம் உலகின் பல நாடுகளுக்குக் கண் கொடுத்த நாடு இது. ஆனால் அப்படிப் போய்ப் பொருத்தப்படுவது கண்ணின் முன்புறத்திலுள்ள, கண்ணாடி போன்ற விழிவெண்படலம் மட்டுமே. விழித்திரை நரம்புத் திசு. மூளையோடு அதை இணைக்கும் நரம்பில் சுமார் பத்து இலட்சம் இழைகள் இருக்கின்றன. அவற்றை அறுத்து இன்னொருவர் கண்ணில் ஒட்டும் வித்தை இன்னும் எவர் கையிலும் இல்லை.

அப்படியானால் சீனி அங்கே என்ன செய்கிறது? விழித்திரை ஒட்சிசனுக்குப் பெரும்பசி கொண்ட திசு. அதற்குக் குருதி கொண்டுபோகும் மயிர்க்குழாய்கள் செங்குழியங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் போகுமளவுக்கு நுண்ணியவை. அந்தக் குழாய்ச் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் கலங்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் சீனி கூடிய குருதி ஓடும்போது முதலில் அழிபவற்றுள் இவையும் அடங்கும். பிடிமானம் போன சுவர், பழைய சைக்கிள் ரியூப் ஓரிடத்தில் பொம்மிக்கொண்டு வருமே, அப்படிப் புடைக்கும். புடைத்த இடத்தால் நீரும் கொழுப்பும் குருதியும் கசியும். கசிவு விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட்பொட்டை எட்டி அது வீங்கினால்தான் பத்திரிகை எழுத்துக் கலங்கும், முகங்கள் அடையாளம் தெரியாமல் போகும்.

இரண்டாவது வழி இன்னும் மோசமானது. சில குழாய்கள் கசிவதோடு நில்லாமல் அடைபட்டே போகின்றன. வாய்க்கால் அடைத்தால் கடைசி வெங்காயப் பாத்தி வாடுவதுபோல, குருதி எட்டாத விழித்திரைப் பகுதி வாடுகிறது. வாடிய திசு புதுக்குழாய் முளைக்கச் சொல்லி ஒரு புரதத்தைச் சுரக்கிறது. குழாய்களும் முளைக்கின்றன. ஆனால் அவை அவசரத்தில் வெட்டிய வாய்க்கால் போன்றவை, வரம்புக்கு உறுதியில்லை. ஒருநாள் காலை இருமும்போதோ, சும்மா இருக்கும்போதோ உடைந்து, கண்ணை நிரப்பியிருக்கும் கண்ணாடியுடனீருக்குள் குருதி சிந்தும். கண்முன்னே கறுப்பு இழைகளும் புள்ளிகளும் கொட்டுவதுபோல, சிலந்திவலை தொங்குவதுபோலத் தெரியும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறி அது. கவனிக்காமல் விட்டால் குழாய்களோடு வளரும் தழும்பு சுருங்கி, விழித்திரையையே இடத்தைவிட்டு இழுத்துப் பிரித்துவிடும்.

இவ்வளவும் நடக்கிற காலத்தின் பெரும்பகுதியில் அந்த மனிதர் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடங்கலின்றி வாசிப்பார். நடுப்பகுதி தப்பியிருக்கும்வரை பார்வை குறையாது, கண் நோகாது, சிவக்காது. "எனக்குக் கண் நல்லாத் தெரியுது, பிறகென்னத்துக்குக் கிளினிக்?" என்ற பேச்சு இந்த நோயைப் பொறுத்தவரை எந்த உத்தரவாதமும் தராது. கண்ணாடிக் கடையில் பார்த்தாயிற்று என்பதும் போதாது. அங்கே அளப்பது வில்லையின் வலுவை. சீனி ஏறி இறங்கும்போது அந்த வலுவும் மாறும் என்பதால், சீனி கட்டுக்குள் வராத வாரத்தில் எடுத்த கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாமலும் போகலாம்.

எத்தனை பேருக்கு? 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடளாவியது என்று சொல்லி நடந்த நீரிழிவு ஆய்வு ஏழு மாகாணங்களோடு நின்றது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்பது அந்த ஆய்வு சொன்ன கணக்கு. 2018, 2019இல் நடந்த இன்னொரு ஆய்வில் அது ஐந்தில் ஒருவருக்கும் மேலாகிவிட்டது. நீரிழிவு உள்ளவர்களில் எத்தனை பேரின் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு நமக்கு அருகிலிருக்கும் அளவுகோல் சென்னை நகர ஆய்வு. அங்கே அது 17.6 வீதம்.

குடாநாட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு என்பது என் எண்ணம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடந்து 1993இல் வெளிவந்த பெரிய பரிசோதனையில், சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் புதிதாக விழித்திரைப் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 வீதம் குறைந்தது. அதைவிட வியப்பானது பின்னால் தெரிந்தது. பரிசோதனை முடிந்து இரு பிரிவினரின் சீனியும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்த பிறகும், முன்பு கட்டுப்பாட்டில் இருந்தவர்களின் கண்கள் ஆண்டுக்கணக்கில் நன்றாகவே இருந்தன. பழைய சீனியை உடம்பு மறப்பதில்லை. 1990களில் மின்சாரமும் இல்லாமல், மருந்துக்கும் தட்டுப்பாடாய் இருந்த இங்கே ஒரு புட்டி இன்சுலினைக் கெடாமல் வைத்திருப்பது என்ன பாடு என்று அந்தக் காலத்து நோயாளர்களுக்குத் தெரியும். அந்த ஆண்டுகளின் கணக்கும் இன்று சிலருடைய விழித்திரையில் எழுதப்பட்டிருக்கக்கூடும். முப்பது வயதில் இன்று நோய் கண்டுபிடிக்கப்படும் பிள்ளைக்கு அந்தச் சாட்டு இல்லை.

சீனியைப் போலவே பிறசரும் முக்கியம். பிரித்தானியாவில் 1998இல் வெளியான ஆய்வில், குருதியழுத்தத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியதால் விழித்திரைப் பாதிப்பு முற்றுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இடையில் ஒரு சொல்: சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடித்தால் தோஷமில்லை என்பது நம்மவரின் பழைய ஆறுதல். பனங்கட்டியிலும் பெரும்பங்கு அதே சுக்குரோசுதான். விழித்திரைக்குப் பனையும் கரும்பும் ஒன்று.

சிகிச்சைக்கு வருவோம். "லேசர் அடிச்சுத்தான் அவருக்குக் கண் போனது" என்பது அடிக்கடி காதில் விழும் பேச்சு. லேசர் இழந்த பார்வையைத் திருப்பித் தருவதில்லை. குருதி எட்டாத ஓரப்பகுதிகளைச் சுட்டு, அவற்றின் ஒட்சிசன் பசியை அடக்கி, நடுப்பார்வையைக் காப்பதுதான் அதன் வேலை. ஓரப்பார்வையிலும் இரவுப் பார்வையிலும் கொஞ்சம் விலையாகப் போகும். ஆனால் கடும் பார்வையிழப்பை அது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று அமெரிக்க ஆய்வொன்று 1976இலேயே காட்டிவிட்டது. கடைசிக் கட்டத்தில் வந்து லேசர் பெற்றவருக்குப் பார்வை போனால் பழி லேசர்மேல் விழுகிறது, அவ்வளவுதான்.

மஞ்சட்பொட்டு வீக்கத்துக்கு இப்போது பெரும்பாலும் ஊசி. குடற்புற்றுக்கென வந்த பெவாசிசுமாப் என்ற மருந்தைச் சிறு அளவில் கண்ணுக்குள் செலுத்தலாம் என்று 2005இல் தெரியவந்தது. இதற்கென்றே உருவாக்கிய மருந்துகளைவிட விலை பல மடங்கு குறைவு என்பதால் ஏழை நாடுகளுக்கு இது பெரிய துணை. கண்ணில் ஊசியா என்று கேட்டாலே உடம்பு கூசும். விறைப்பு மருந்து விட்டபின் ஏற்றுவதால் நோவு சொற்பம். ஒரு ஊசியோடு முடிவதில்லை, பல மாதம் தொடர வேண்டியிருக்கும்.

வயது வந்தபின் வரும் வகை நீரிழிவானால், கண்டுபிடித்த உடனேயே விழித்திரையைப் பார்க்க வேண்டும். நோய் தெரியாமலே சில ஆண்டு உள்ளே இருந்திருக்கும். பிறகு ஆண்டுக்கொரு தரம். ஏற்கெனவே நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள், ஏனெனில் அந்தக் காலத்தில் பாதிப்பு வேகமாக முற்றும். பரிசோதனை எளிது. கண்மணியை விரிக்கத் துளிமருந்து விடுவார்கள். பின்னர் சில மணிநேரம் வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை கலங்கும். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்தவர் தானே ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது.

இது பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவருக்குச் சின்ன விஷயம். நெடுந்தீவில் இருப்பவர் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய், விரிந்த கண்மணியோடு திரும்பவும் படகேற வேண்டும். விழித்திரையைப் படம்பிடிக்கும் கமராக்கள் இப்போது கையடக்கமாகவே வந்துவிட்டன. அந்தப் படங்களைப் பார்த்துப் பாதிப்பைச் சொல்லும் கணினி நிரலுக்கு மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் படங்கள் கொடுத்த ஆய்வு 2016இலேயே வெளியானது. ஒரு கமராவும் பயிற்சி பெற்ற ஒருவரும் மாதம் ஒருமுறை தீவுக்குப் போனால் பலர் வரத் தேவையிராது. அதுவரை, காலைப் படகில் கூட ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வரத்தான் வேண்டும்.