தண்ணீரில் போடாத உருளைக்கிழங்கு

உருளைக்கிழங்கை நறுக்கியதும் தண்ணீரில் போடுவது நம் சமையலறைகளில் கை தானாகச் செய்கிற வேலை. துண்டுகள் கறுக்காது, வறுவல் ஒட்டாமல் உதிரியாக வரும். இரண்டும் உண்மைதான். ஆனால் பிரான்சு நாட்டு விருந்துகளில் இறைச்சிக்குப் பக்கத்தில் வைக்கிற இரண்டு அழகான உருளைக்கிழங்கு உணவுகள், அந்தத் தண்ணீரின் அடியில் வெள்ளையாகப் படிகிற பொடியை நம்பியே நிற்கின்றன. அந்தப் பொடிதான் மாவுச்சத்து. அதைக் கழுவிக் கொட்டிவிட்டால் எவ்வளவு நெய் ஊற்றினாலும் அடுக்குகள் ஒன்றையொன்று பிடிக்காது.

முதலாவது, போம் ஆனா. காகிதம்போல் மெல்லியதாகச் சீவிய கிழங்கை ஒரு வட்டப் பாத்திரத்தில் ஒன்றன் ஓரத்தில் ஒன்று ஏறும்படி வட்டம் வட்டமாக அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு கொழுப்பு ஊற்றி, அழுத்தி, இருபுறமும் பொன்னிறமாக வேகவைத்துக் கவிழ்ப்பார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே குழைவு. வெட்டினால் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். பாரீசில் 19ஆம் நூற்றாண்டில் புகழோடு இருந்த கஃபே ஆங்லே உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் அடோல்ஃப் துக்லெரே இதை உருவாக்கி, அன்றைய பாரீசில் பேர்போன ஆனா தெலியோன் என்ற பெண்ணின் பெயரை இட்டார் என்று சொல்வார்கள். 1867இல் ரஷ்யப் பேரரசரும் பிரஷ்ய அரசரும் பிஸ்மார்க்கும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட விருந்தைச் சமைத்தவர் துக்லெரேதான். பிரெஞ்சுச் சமையல்காரர் எஸ்கோஃபியே 1903இல் வெளியிட்ட சமையல் நூலிலும் போம் ஆனா இடம்பெற்றது. இதற்கென்றே மூடியோடு சேர்ந்த செம்புப் பாத்திரம் ஒன்றும் பிரான்சில் உண்டு.

இரண்டாவது, கிராத்தான் தோஃபினுவா. பிரான்சின் தென்கிழக்கே, ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய தோஃபினே பகுதியைச் சேர்ந்தது. சீவிய கிழங்கு, பால், பாலாடை, பூண்டு, உப்பு. அவ்வளவுதான். பழைய முறையில் சீஸும் கிடையாது, முட்டையும் கிடையாது. 1788 ஜூலை 12 அன்று அந்தப் பகுதியின் ராணுவ அதிகாரியான கிளெர்மோன் தொனேர் கோமகன் காப் என்ற ஊரின் நகர அதிகாரிகளுக்குக் கொடுத்த விருந்தில்தான் இந்தப் பெயர் முதன்முதலில் பதிவாகியிருக்கிறது.

அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1748இல், உருளைக்கிழங்கு நோய் உண்டாக்கும் என்று பயந்து அதைப் பயிரிடவே பிரான்சில் தடை விதித்திருந்தார்கள். பிரஷ்யர்களிடம் போர்க்கைதியாக இருந்தபோது உருளைக்கிழங்கு தின்று உயிர்வாழ்ந்த மருந்தாளர் பார்மாந்தியே, ஊர் திரும்பி அதற்காக ஓயாமல் வாதாடினார். 1772இல்தான் பாரீஸ் மருத்துவக் கல்வியாளர்கள் அது உண்ணத் தகுந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். பதினாறே ஆண்டுகளில் அது விருந்து மேசைக்கு ஏறிவிட்டது.

இனி நம் தருமபுரிக்கு வருவோம். பிரான்சில் அந்த விருந்து நடந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1792இல், திப்பு சுல்தானிடமிருந்து, தருமபுரி அடங்கிய பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதன் நிர்வாகத்துக்கு வந்த இளம் அதிகாரிகளில் ஒருவரான தாமஸ் மன்றோ 1799வரை தருமபுரியில் இருந்தார். தான் வளர்த்த தோட்டத்தையும் இந்த ஊரையும் பிரிய மனமில்லாமல்தான் அவர் கன்னடப் பகுதிக்கு மாற்றலாகிப் போனார். பின்னாளில் அவர் சென்னை மாகாண ஆளுநராக இருந்த 1820களில், கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகமண்டலத்தில் ஐரோப்பியக் காய்கறிகளோடு உருளைக்கிழங்கையும் பயிர்செய்து பார்த்தார். 1826இல் மன்றோ உதகைக்குப் போய் அவரிடம் தங்கினார். நாம் ‘ஊட்டி உருளை’ என்று விலை விசாரிக்கிற கிழங்கின் கதை அந்த மலையில் தொடங்குகிறது.

தருமபுரி சமவெளியில் அது ஏன் அவ்வளவாக விளைவதில்லை என்பதற்குக் காரணம் இரவின் குளிர். பகலில் இலைகள் செய்கிற சர்க்கரை இரவில் மண்ணுக்குள் இறங்கிக் கிழங்காகத் திரள, இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே வரவேண்டும். அதற்கு மேலே போகப் போக செடி தழைக்கும், கிழங்கு பிடிக்காது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இது கைகூடுகிறது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை அந்த ஊர்களெல்லாம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தன. ஆகவே இது தருமபுரிக்கு அயலான பயிரில்லை.

கடையில் கிழங்கு வாங்கும்போது கவனிக்கவேண்டியது அது எந்த ஊர் என்பதைவிட, எங்கே இருந்துவிட்டு வந்தது என்பது. வடமாநிலக் கிழங்கு பெரும்பாலும் 2 முதல் 4 டிகிரி குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வரும். அந்தக் குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். சாம்பாரில் போட்டால் லேசாக இனிக்கும், அவ்வளவுதான். ஆனால் நெய்யில் சிவக்க வைக்கும்போது உள்ளே வேகுமுன் வெளியே கருகிக் கசந்துவிடும். சிப்ஸ் தயாரிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. அதற்காகவே மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் சர்க்கரை குறைந்த குஃப்ரி சிப்சோனா வகையை 1998இல் வெளியிட்டது. வீட்டில் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரே ஒரு சீவலை நெய்யில் வறுத்துப் பாருங்கள். பொன்னிறமானால் சரி. பழுப்பானால் மீதியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே, இருட்டான இடத்தில் பத்துப் பதினைந்து நாள் வைத்தால் சர்க்கரை ஓரளவு குறையும். பச்சை படர்ந்த கிழங்கை மட்டும் எதற்கும் எடுக்காதீர்கள். அதில் சோலனின் என்ற நச்சு கூடியிருக்கும், கொதித்தாலும் போகாது.

இனி அந்த வெள்ளைப் பொடி. உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அது செல்களுக்குள் நுண்ணிய மணிகளாக அடைந்திருக்கிறது. கத்தி பட்ட இடத்தில் செல்கள் கிழிந்து மணிகள் வெளியே வந்து சீவலின் மேல் பூசிக்கொள்ளும். விரலில் வழுவழுப்பாக ஒட்டுவது அதுதான். சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது மணிகள் நீரைக் குடித்து ஊதி, உடைந்து, கஞ்சியாகும். இரண்டு சீவல்களுக்கு நடுவே உண்டாகும் அந்தக் கஞ்சிதான் பசை. ஆறும்போது அது இறுகும். கவிழ்த்தால் உதிராமல் நிற்பதும் வெட்டினால் விளிம்பு கூர்மையாக வருவதும் இதனால்தான்.

அப்படியானால் கறுக்காமல் இருக்க என்ன செய்வது? வெட்டிய இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, கிழங்கிலுள்ள நொதி வேலைசெய்வதால்தான் நிறம் மாறுகிறது. தண்ணீரைப் போலவே நெய்யும் காற்றைத் தடுக்கும். கிழங்கைத் தோல்சீவி முழுசாகத் தண்ணீரில் வைத்துக்கொள்ளலாம், அதில் நட்டமில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, வாழைக்காய் சிப்ஸ் சீவுகிற கட்டையில் சீவி, உடனே உருக்கிய நெய்யில் புரட்டிவிடுங்கள். தடிமன் 2 மில்லிமீட்டர் போதும். ஒரே சீராக இருப்பது அதைவிட முக்கியம். தடித்தது வேகாமலும் மெலிந்தது குழைந்தும் போகும்.

நெய்யைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீரும் கொஞ்சம் பால்புரதமும் இருக்கிறது. அந்தப் புரதம் 150 டிகிரியை நெருங்கும்போதே கருகும். அதனால் பிரெஞ்சுச் சமையல்காரர் வெண்ணெயை மெதுவாக உருக்கி, நுரையை எடுத்து, அடியில் தங்கியதை விட்டு, தெளிந்த கொழுப்பை மட்டும் வடித்துக்கொள்வார். நாம் அதையே இன்னும் ஒரு படி மேலே போய், புரதம் சிவந்து மணக்கும்வரை காய்ச்சி வடிக்கிறோம். 200 டிகிரிக்கு மேலும் நெய் அசராது. பாரீஸ் உணவகத்தில் தனியாகத் தயாரிக்கவேண்டிய பொருள் தருமபுரி வீட்டு அலமாரியில் தயாராக இருக்கிறது. சுவையும் நெய்யில்தான் கூடுதல் என்பது என் எண்ணம்.

முதலில் போம் ஆனா. ஒரு கிலோ கிழங்குக்கு 100 கிராம் நெய். அடிகனமான இரும்பு வாணலி, அகலம் 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. நடுவிலிருந்து தொடங்கி, வட்டமாக அடுக்குங்கள். முதல் அடுக்குதான் கவிழ்த்த பிறகு மேலே தெரியும், ஆகவே அதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. அடுக்குக்கு அடுக்கு உப்பும் மிளகுத்தூளும். உப்பு கிழங்கின் நீரை இழுக்கும். அந்த நீர்தான் மாவுச்சத்தைக் கஞ்சியாக்கும். அடுக்கி முடித்ததும் ஒரு தட்டை வைத்து நன்றாக அழுத்துங்கள். நடுத்தர தீயில் பத்து நிமிடம், அடியில் சடசட என்ற சத்தம் கேட்கும்வரை. பிறகு 200 டிகிரி அடுப்புப்பெட்டியில் முக்கால் மணி நேரம். முதல் பாதியில் மூடி, பின்பாதியில் திறந்து.

அடுப்புப்பெட்டி இல்லாத வீடுதான் அதிகம். குக்கரில் மணலோ உப்போ கொட்டி, கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டுக் கேக் செய்கிற முறை எல்லோருக்கும் தெரியும். போம் ஆனாவுக்கு அதுகூட வேண்டாம். இது கீழேயிருந்து சிவக்கிற பண்டம். மூடிபோட்டு மிகச் சிறுதீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம். தட்டில் கவிழ்த்து, மறுபடி வாணலியில் சறுக்கிவிட்டு, மூடியில்லாமல் இன்னொரு இருபது நிமிடம். இரண்டாம் பக்கத்துக்கு மூடி போடாததற்குக் காரணம் உண்டு. நீர் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. சிவப்பதும் மணப்பதும் 140க்கு மேலே நடக்கிற வேலை. நீராவி வெளியே போனால்தான் மொறுமொறுப்பு வரும். கத்தி நடுவில் தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

கிராத்தானுக்கு மேலேயிருந்தும் சூடு வேண்டும், ஆகவே மேலும் கீழும் கம்பி உள்ள மின்சார அடுப்புப்பெட்டி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அங்கே சிக்கல் வேறு: பால் திரிவது. பிரான்சில் ஊற்றுகிற பாலாடையில் கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல். திரிவதற்குப் புரதம் குறைவு. நம்மிடம் கிடைக்கிற ஆவின் ஆரஞ்சு பாக்கெட் நிறைகொழுப்புப் பாலில் கொழுப்பு 6 சதவீதம். ஒரு லிட்டரை முக்கால் லிட்டராகச் சுண்டக் காய்ச்சி, கடையில் விற்கிற 25 சதவீத ஃபிரெஷ் கிரீமில் 200 மில்லி சேர்த்தால் கொழுப்பு 11, 12 சதவீதத்துக்கு வரும். மீதிக் குறையைக் கழுவாத மாவுச்சத்து நிரப்பும். 3 மில்லிமீட்டர் சீவல்களை இந்தப் பாலிலேயே சிறுதீயில் பத்து நிமிடம் கிளறுங்கள். பால் கஞ்சிப் பதத்துக்குத் தடிக்கும்போது, மாவுச்சத்து பால்புரதங்களுக்கு நடுவே புகுந்து அவை திரளாமல் காக்கும். பிறகு பூண்டு தேய்த்த தட்டில் ஊற்றி 160 டிகிரியில் ஒரு மணி நேரம்.

பாலாடைக்குப் பதில் தயிர் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். திரிந்துபோவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கிழங்கே வேகாது. செல்களை ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கும் பெக்டின் சூட்டில் கரைந்தால்தான் காய் மெத்தென்றாகும். புளிப்பு அந்தக் கரைதலைத் தடுக்கும். புளிக்கு இவ்வளவு பேர்பெற்ற தருமபுரியில் இதைப் புத்தகம் பார்த்துச் சொல்லவேண்டியதில்லை. காய் வெந்த பிறகே புளி கரைத்து ஊற்றவேண்டும் என்பது குழம்பு வைக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

எதனோடு சாப்பிடுவது? பிரான்சில் சுட்ட இறைச்சிக்குத் துணை. இங்கே நாட்டுக்கோழி மிளகு வறுவலோடு போம் ஆனா அருமையாகப் பொருந்தும். காரத்தை நெய்யும் கிழங்கும் தாங்கிக்கொள்ளும். சாம்பார் சோற்றோடு வைத்தால் மொறுமொறுப்பு நனைந்து வீணாகும். கிராத்தானை முதல் நாளே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவது நல்ல உணவகங்களின் வழக்கம். இரவில் மாவுச்சத்து மேலும் இறுகி, மறுநாள் சதுரச் சதுரமாக வெட்ட வரும். அந்தத் துண்டுகளைச் சூடான தோசைக்கல்லில் ஒரு சொட்டு நெய் விட்டு இருபுறமும் திருப்பிப் போட்டு எடுங்கள். புதிதாகச் செய்ததைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும்.