மூன்று ஓட்டும் நான்கு ஓட்டும்

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்துக் குன்னத்துக்கால் கிராமப் பஞ்சாயத்தில் அடங்கிய காரக்கோணமும் அதன் அண்டை ஊர்களான பாறசாலை, வெள்ளறடை, பனச்சமூடு ஆகியவையும் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு பகுதியை ஒட்டிக் கிடப்பவை. மார்ஷல் நேசமணியின் தலைமையில் இயங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழகத்தோடு சேர வேண்டுமெனக் கோரிய வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்றாக இருந்தது. எனினும் 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், மருத்துவம் பார்ப்பதும் எல்லையைப் பொருட்படுத்தாமல் நடக்கும் இப்பகுதியில், அந்தப் பிரிவினை அன்றாடம் உணரப்படும் இடங்களில் முதன்மையானது உள்ளாட்சி.

2025 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரம் மாவட்டத்து மக்கள் தங்கள் பஞ்சாயத்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தபோது, எல்லைக்கு அப்புறம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 2019 டிசம்பர் தேர்தலில் அங்கே வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, ஊராட்சிகளின் பொறுப்பு தனி அலுவலர்கள் எனப்படும் அரசு ஊழியர்களின் கைக்குப் போயிருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தே ஆக வேண்டுமென்பது 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் விதி. கேரளம் 1995 முதல் இவ்விதியைப் பெரிதும் பிசகாமல் பின்பற்றி வருகிறது. தமிழகமோ 2011 தேர்தலுக்குப் பிறகு எட்டு ஆண்டுகள் கழித்தே அடுத்ததை நடத்தியது. கேரளத்தின் பழைய வரலாறும் இவ்விஷயத்தில் அத்தனை மேன்மையானதன்று: 1960-இன் பஞ்சாயத்துச் சட்டப்படி 1963-இல் தேர்தல் நடந்த பின், அடுத்த தேர்தலுக்கு மக்கள் 1979 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஓட்டளிக்கும் முறையிலும் இரு மாநிலங்களும் வேறுபடுகின்றன. தமிழகத்துக் கிராமவாசி ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் என்று நான்கு ஓட்டுகளை, வெவ்வேறு நிறத் தாள்களில் முத்திரை குத்திப் பெட்டியில் போடுகிறார். காரக்கோணத்துக்காரருக்கு மூன்றே ஓட்டு; கிராமப் பஞ்சாயத்துக்கு வெள்ளை, பிளாக் பஞ்சாயத்துக்கு இளஞ்சிவப்பு, மாவட்டப் பஞ்சாயத்துக்கு வெளிர்நீலம் என நிறம் பிரித்த தாள்கள் பொருத்தப்பட்ட இயந்திரத்தில் பொத்தானை அழுத்துகிறார். சட்டமன்றத் தேர்தலில் உள்ள 'நோட்டா' இங்கே கிடையாது. மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தவிர்க்க விரும்புபவர் இறுதியில் 'எண்ட்' பொத்தானை அழுத்தி வெளியேறலாம். பஞ்சாயத்துத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதே இங்குள்ள பெரிய வேறுபாடு. உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பிரசிடெண்டாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேரளத்தில் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலும் கட்சிச் சின்னத்திலேயே நடப்பதாலும், 1999-இன் கட்சித்தாவல் தடைச் சட்டம் வார்டு மெம்பர் வரை பாய்வதாலும், அந்தத் தேர்வு பெரும்பாலும் கட்சி அலுவலகத்தில் முன்னரே முடிவாகிவிடுகிறது. தமிழக ஊராட்சித் தலைவர் கட்சிச் சின்னமின்றி ஊர் முழுவதன் ஓட்டையும் கேட்டு வெல்ல வேண்டியவர். ஆகவே சாதியும் பணமும் குடும்பச் செல்வாக்கும் அங்கே கட்சியின் இடத்தை நிரப்புகின்றன. எது மேல் என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. ஆயினும், கோரிக்கையோடு அலையும் சாதாரண மனிதருக்கு, தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைக் காட்டிலும், அடுத்த ஐந்தாண்டுகளில் அவரைக் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறதா என்பதே முக்கியம்.

ஓட்டு வருவதற்கு முன்பே கோரிக்கை எழுப்பக் கற்றுக்கொண்ட மண் இது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறக்கவும், நிலமற்றவர்களுக்குப் புறம்போக்கு நிலம் பெறவும் போராடினார். 1911-இல் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்ட அவரை எந்த வாக்காளரும் தேர்ந்தெடுக்கவில்லை; தேர்ந்தெடுக்கக் கூடிய நிலையில் அவருடைய மக்கள் இருக்கவும் இல்லை, ஏனெனில் வாக்குரிமை நிலவரி செலுத்துவோரிடமே பெரிதும் முடங்கிக் கிடந்தது. 1932-இன் சட்டமன்றச் சீர்திருத்தமும் அந்த அடிப்படையை மாற்றாததால், ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் ஆகிய மூன்று சமூகத்தாரும் இணைந்து, தேர்தலையே புறக்கணிக்கும் நிவர்த்தனப் போராட்டத்தில் இறங்கினர். மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள் வேண்டும் என்ற அந்தக் கோரிக்கைக்கு அரசு ஓரளவு இறங்கிவந்த பின், 1937 தேர்தலில் அவர்கள் பெரும் வெற்றி பெற்றனர். வயது வந்தோர் அனைவரும் ஓட்டளித்த முதல் தேர்தலைத் திருவிதாங்கூர் 1948-இல் கண்டது. ஓட்டைப் போலவே ஓட்டளிக்க மறுப்பதும் கோரிக்கைக் கருவியாகலாம் என்பதை நிவர்த்தனக்காரர்கள் காட்டினார்கள். ஆனால் அது சமூகம் முழுவதும் கட்டுப்பாட்டோடு செய்த காரியம் என்பதை, ரோடு போடவில்லை என்று இன்று தனித்தனியே ஓட்டைப் புறக்கணிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கேரளத்தில் இன்று அந்தக் கோரிக்கைக் கருவியின் பெயர் கிராமசபை. தமிழகத்தின் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் ஒவ்வொன்றிலும் சராசரியாக ஏறக்குறைய 3,000 பேர் வாழ்வதால், ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராமசபை போதுமானதாக இருக்கிறது. கேரளத்தின் 941 கிராமப் பஞ்சாயத்துகளோ இருபதாயிரம், முப்பதாயிரம் மக்களைக் கொண்டவை. அத்தனை பேரும் ஒரே மைதானத்தில் கூடிப் பேச இயலாது. ஆகவே 1994-இன் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் ஒவ்வொரு வார்டையும் ஒரு கிராமமாகக் கொண்டு, அந்த வார்டின் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரையும் கிராமசபை உறுப்பினர்களாக்கியது. ஒரு பஞ்சாயத்தில் இப்போது 14 முதல் 24 வார்டுகள் வரை இருக்கலாம் என்பதால், அத்தனை கிராமசபைகளும் அங்கே உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சபை கூட வேண்டும். வார்டு மெம்பரே அதைக் கூட்டும் கன்வீனர். தொடர்ந்து கூட்டத் தவறினால் அவருடைய பதவியே பறிபோகும். வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

1996 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் இச்சபைக்கு உயிர் கொடுத்தது. மாநிலத் திட்டநிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்படும் என்று அரசு அறிவித்ததும், அதுவரை மனுக்களை மேலே அனுப்பிவிட்டுக் காத்திருந்த பஞ்சாயத்துகளுக்குத் தாமே முடிவு செய்யும் பணம் கிடைத்தது. கிராமசபை தேவைகளைப் பட்டியலிடும்; வளர்ச்சிக் கருத்தரங்கு அவற்றை விவாதிக்கும்; துறைவாரிப் பணிக்குழுக்கள் திட்டமாக எழுதும்; மாவட்டத் திட்டக் குழு ஒப்புதல் அளிக்கும் என்பது அதன் வரிசை. வீடு, கழிப்பறை, கறவைமாடு போன்ற உதவிகளைப் பெறுவோர் பட்டியலைக் கிராமசபையே முன்னுரிமை வரிசையில் அமைக்கிறது. அந்த வரிசையைப் பஞ்சாயத்து மாற்றக் கூடாது என்கிறது சட்டம். சபையின் முடிவு ஒன்று நிறைவேறாமல் போனால், அதற்கான காரணத்தைப் பிரசிடெண்ட் சபையில் சொல்லியாக வேண்டும். ஒரு ஏழைக் குடும்பத்தைப் பொறுத்தவரை, மந்திரிக்கு எழுதும் மனுவைவிட இந்தப் பட்டியலில் ஏறும் இடம் எவ்வளவோ மேலானது.

இருந்தும் சபைக்கு யார் வருகிறார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. உதவி எதிர்பார்ப்பவர்கள் வருகிறார்கள்; அரசு ஊழியரும் வெளிநாட்டுப் பணத்தில் வீடு கட்டியவரும் பெரும்பாலும் வருவதில்லை. அதனால் கிராமசபை பொது நன்மையைப் பேசும் இடமாக இல்லாமல் பயனாளிப் பட்டியல் வாசிக்கும் இடமாகச் சுருங்குகிறது என்ற குறை நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. வருகையைக் காப்பாற்றுபவர்கள் பெண்கள். 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற அரசு வறுமை ஒழிப்புத் திட்டத்தின் அயல்கூட்டங்கள், அதாவது அண்டை வீட்டுப் பெண்கள் பத்து முதல் இருபது பேர் சேர்ந்த குழுக்கள், வாரந்தோறும் கூடிச் சிறுசேமிப்போடு ஊர்க்காரியத்தையும் பேசுகின்றன; வார்டு அளவில் இவை ஒன்றிணைந்து நிற்பதால், கிராமசபைக்கு முன்பே கோரிக்கைகள் பேசித் தெளிந்துவிடுகின்றன. 2010 தேர்தல் முதல் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, அயல்கூட்டத்தில் பேசிப் பழகிய பல பெண்கள் மெம்பர்களானது தற்செயலன்று. ஆனால் ஒதுக்கீடு தேர்தலுக்குத் தேர்தல் வார்டு மாறிச் சுழல்வதால், நன்றாக வேலை செய்தவரும் அடுத்தமுறை அதே வார்டில் நிற்க முடியாமற்போவதுண்டு. மறுபடியும் ஓட்டுக் கேட்டு வர வேண்டும் என்ற அச்சமே மெம்பரை ஒழுங்கில் வைக்கும் கயிறென்றால், அந்தக் கயிறு இங்கே சற்றுத் தளர்ந்துதான் இருக்கிறது.

எல்லையோர மக்களுக்கென்றே சில தனிக் கவலைகளும் உண்டு. உள்ளாட்சி வாக்காளர் பட்டியலை மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாகத் தயாரிப்பதால், சட்டமன்றப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று நம்பி வந்தவர் பஞ்சாயத்துப் பட்டியலில் இல்லாமல் திரும்புவதுண்டு. குமரி மாவட்டத்திலிருந்து மணமாகி வந்த பெண்கள் இதைப் பட்டியல் புதுப்பிக்கும் காலத்திலேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது. தமிழ் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைகளுக்கும் தமிழிலேயே எழுதவும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் அவ்வாறே எழுதவும் உரிமை தருகிறது.

சட்டம் தரும் இன்னொரு வழி அதிகம் அறியப்படாதது. வழக்கமான இரு கூட்டங்களுக்கு நடுவே, வார்டு வாக்காளர்களில் பத்து விழுக்காட்டினர் பேச வேண்டிய பொருளைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தால், சிறப்புக் கிராமசபையைக் கூட்டுவது கன்வீனரின் கடமையாகிறது. 1,500 வாக்காளர் உள்ள வார்டில் அதற்கு வேண்டியவை 150 கையெழுத்துகள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும் கூட்டத்திடம் ஒரு நோட்டையும் பேனாவையும் நீட்டினாலே அவை நடுப்பகலுக்குள் சேர்ந்துவிடும்.