பட்டை கட்டி வெயிட் தூக்கினால் தசை ஏறுமா? ஜப்பான் பெண்களிடம் நடந்த ஆய்வு

கனமான வெயிட் தூக்கினால்தான் தசை ஏறும் என்பார்கள். மூட்டு வலியால் அவதிப்படும் பெண்களுக்கு அது நடக்கிற காரியமா?

இதற்கு வழி காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த யோஷியாகி சாட்டோ. 1966-ம் ஆண்டு ஒரு சடங்கில் வெகுநேரம் மண்டியிட்டு உட்கார்ந்ததில் அவருக்கு கால் மரத்துப்போனது. கெண்டைக்கால் விண்ணென்று இறுகியது. எக்சர்சைஸ் செய்த மாதிரியே இருக்கிறதே என்று யோசித்தவர், கை, காலில் பட்டை கட்டி பயிற்சி செய்து பார்த்தார். அதுதான் 'காட்சு' பயிற்சி.

எப்படி செய்கிறார்கள்?

பிரஷர் பார்க்கும் பட்டை மாதிரி ஒன்றை கை அல்லது தொடையின் மேல்பகுதியில் கட்டி காற்று அடைக்கிறார்கள். உள்ளே போகும் ரத்தம் குறையும். திரும்பி வரும் ரத்தம் தேங்கும். ரத்த ஓட்டத்தை முழுசாக நிறுத்தக் கூடாது.

ஒரே ஒரு தடவை 10 கிலோ தூக்க முடிந்தவருக்கு 2 அல்லது 3 கிலோ போதும். முதலில் 30 தடவை. பிறகு அரை நிமிடம் இடைவெளி விட்டு 15 தடவை வீதம் 3 முறை.

நரம்பு செய்யும் வேலை

லேசான எடைக்கு நரம்பு எல்லா தசை நார்களையும் கூப்பிடாது. சின்ன நார்களே சமாளித்துவிடும். பட்டை கட்டினால் ஆக்சிஜன் குறைந்து அவை சீக்கிரம் களைத்துவிடும். தசை எரியும். வேறு வழியில்லாமல், சும்மா கிடக்கும் பெரிய நார்களையும் நரம்பு வேலைக்கு இழுக்கும். பயிற்சி பழக்கமே இல்லாதவர்களுக்கும் தசை ஏற இதுவே முக்கிய காரணம்.

நடு வயதைத் தாண்டிய பெண்களிடம் ஜப்பானில் 16 வாரம் நடந்த ஆய்வு 2000-ம் ஆண்டு வெளியானது. பட்டை கட்டி குறைந்த எடை தூக்கியவர்களுக்கும், பட்டை இல்லாமல் கனமான எடை தூக்கியவர்களுக்கும் கைத்தசை ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்திருந்தது.

ஆபத்து உண்டா?

இந்த பயிற்சி செய்த 12 ஆயிரத்து 600-க்கும் மேற்பட்டவர்களின் விவரம் 2006-ல் ஜப்பானில் வெளியானது. 100-க்கு 13 பேருக்கு தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியது. சிலருக்கு மரத்துப்போனது. மிக அரிதாக ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் பயிற்சியாளர் கண்காணிப்பில் செய்தவர்கள்.

எனவே வீட்டில் கயிறு, துணியால் இறுக்கிக் கட்டி செய்வது விபரீதம். எவ்வளவு அழுத்தம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கர்ப்பிணிகள், பி.பி., இதய நோய் உள்ளவர்கள், ரத்தம் உறைந்த பிரச்சினை இருந்தவர்கள் டாக்டரை கேட்காமல் இறங்கவே கூடாது. கை, கால் மரத்தால் உடனே பட்டையை அவிழ்த்துவிட வேண்டும். மறுநாள் தசை வீங்கி, சிறுநீர் கறுப்பாகப் போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.