சபைப்பாட்டும் குறில் நெடிலும்

திருச்சபைப் பாடற்குழுவை நடத்த முன்வரும் தொண்டர்க்குக் கையசைவும் தாளமும் கற்பித்தல் வழக்கம். தமிழ்ச் சபைக்கு அது போதாது. வேளச்சேரி முதலிய சென்னைப் பகுதிகளில் கீர்த்தனையும் ஞானப்பாட்டும் ஒருங்கே பாடப்பெறுகின்றன. தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) போன்றோர் கீர்த்தனைகளை இராக தாளத்தோடு இயையத் தமிழிலேயே யாத்தனர். ஆண்டு இடர் குறைவு. ஞானப்பாட்டோ பெரும்பாலும் ஐரோப்பிய மெட்டுக்குத் தமிழ்ச்சொல்லைப் பொருத்தியது. மெட்டு நீளுமிடத்துக் குறில் வீழின் 'வரம்' 'வாரம்' ஆகும். 'பலன்' 'பாலன்' ஆவான். கிறிஸ்து பிறப்புப் பாட்டாயின் கேட்போர் இதனைப் பிழையென்றே உணரார்!

தீர்வு நன்னூலிலேயே உண்டு. குறிலிணையின் கீழ் வரும் மகர னகர ஒற்றுக்கள் அளபெடுக்கும் என்பது அந்நூற் கொள்கை. ஆதலின் நடத்துநர் இரு குறிலையும் விரைந்து கடந்து, ஒற்றின்மேல் நீட்சியை நிறுத்தப் பாடுவோரைப் பழக்குதல் வேண்டும். முதல் நாளில் பாட்டை இசையின்றிப் படித்து இவ்விடங்களைக் குறித்துக்கொள்க; கையசைவைப் பின்னர்க் கற்கலாம்.